விசில் யார் கையில? சிறுவர் ஃபுட்பாலுக்கு ரெஃப்ரி ஆவது எப்படி

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். சேலத்துலயோ நாமக்கல்லயோ ஒரு ஞாயித்துக்கிழமை காலையில 12 வயசுப் பசங்க ஃபுட்பால் மேட்ச் ஆடறாங்கன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு டீம் வந்தாச்சு. பந்து இருக்கு, கோல் போஸ்ட் இருக்கு, பைக்கை ஓரமா நிறுத்திட்டு அதுமேலயே உட்கார்ந்து பார்க்கிற அப்பாக்களும் இருக்காங்க. விசில் யார் கையில இருக்கு?

பல நேரம் அன்னைக்கு யார் சும்மா நிக்கிறாங்களோ அவங்க கையில. ஒரு சீனியர் பிளேயர், கோச்சோட ஃப்ரெண்ட், இல்லன்னா ரெண்டு டீம்ல ஒரு டீமோட பி.டி. சாரே. பசங்களுக்கு ஜெர்சி வாங்க ஸ்பான்சர் கிடைக்கும், ஜெயிச்சவங்களுக்குக் கப் கொடுக்க ஆள் வரும். ரெண்டு பக்கமும் சேராத ஒரு ரெஃப்ரி கிடைக்கிறதுதான் கஷ்டம். சனி, ஞாயிறு மட்டும் ஃப்ரீயா இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்க அந்த இடத்துக்கு எப்படிப் போகலாம், போனா என்னென்ன தெரிஞ்சிருக்கணும், இதுதான் இன்னைக்கு டாபிக்.

ஒரு தப்பான பெனால்டியோட விலை

"சின்னப் பசங்க மேட்ச்தானே, யார் ஊதினா என்ன?"ன்னு தோணும். நம்ம ஊர் ஸ்கூல் விளையாட்டு எப்படி நடக்குதுன்னு பாருங்க. முதல்ல குறுவட்டப் போட்டி, அதுல ஜெயிச்சா மாவட்டம், அப்புறம் மாநிலம். பெரும்பாலும் நாக்-அவுட் முறை. ஒரு மேட்ச் தோத்தா அந்த வருஷம் அவ்வளவுதான்.

அந்த ஒரு வருஷம் எவ்வளவு பெருசுன்னு சேலம், நாமக்கல் பக்கம் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ப்ளஸ் டூ மார்க்குக்குப் பேர் போன பெல்ட் இது. ஒன்பதாவது வரைக்கும் "சரி, ஆடட்டும்"னு விடற வீட்டுல, பத்தாவது வந்ததும் முதல்ல கட் ஆகறது கிரவுண்டுதான். அந்தப் பையனுக்கோ பொண்ணுக்கோ மிச்சம் இருக்கிறது ஒண்ணு ரெண்டு சீசன். இன்னொரு பக்கம், இன்ஜினியரிங் கவுன்சலிங்ல விளையாட்டுப் பிரிவுக்கு 500 சீட் இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. அதுக்கெல்லாம் போற சான்றிதழ்ப் பாதை இந்தக் குறுவட்ட மேட்ச்லதான் தொடங்குது. பாக்ஸுக்கு வெளியே நடந்த ஃபவுலுக்கு யாரோ பெனால்டி கொடுத்தா, அதோட விலையை அந்தப் பிள்ளைங்கதான் கொடுக்கணும்.

இதுல பி.டி. சார்களைக் குறை சொல்லல. அவங்க இல்லன்னா இந்த மேட்ச்களே நடக்காது. டீமைக் கூட்டிட்டு வரணும், கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடணும், சாப்பாடு பார்க்கணும், அதோட விசிலும் ஊதணும். அவர் நூத்துக்கு நூறு நியாயமா ஊதினாலும், தன் ஸ்கூல் ஜெயிச்சுட்டா எதிர் டீம் பசங்க "அழுகுணி ஆட்டம்"னுதான் சொல்லிட்டுப் போவாங்க. தோத்தவங்களும் ஒத்துக்கிற மாதிரி ஒரு ரிசல்ட் வரணும்னா, ஊதறவருக்கு அந்த ரிசல்ட்ல எந்த லாபமும் இருக்கக் கூடாது. வெளியில இருந்து வர்ற வாலண்டியருக்கு இருக்கிற பெரிய தகுதி அதுதான்.

ரெஃப்ரி எங்கிருந்து வந்தார்?

திருக்குறள்ல 'நடுவு நிலைமை'ன்னு தனி அதிகாரமே இருக்கு. 'நடுவர்'ங்கிற சொல்லுலயே அந்த 'நடு' இருக்கு. ஆனா ஃபுட்பால்ல ஆரம்பத்துல நடுவரே கிடையாது. ரெண்டு கேப்டனும் பேசித் தீர்த்துக்கணும். அது சரிவராம, ஒவ்வொரு டீமும் ஒரு அம்பயரைக் கொண்டு வந்தாங்க. ரெண்டு அம்பயருக்கும் ஒத்துப்போகலன்னா, மைதானத்துக்கு வெளியே நிக்கிற மூணாவது ஆள்கிட்ட கேட்பாங்க. அவர்தான் ரெஃப்ரி. 1891லதான் அவரை மைதானத்துக்கு உள்ளே கொண்டு வந்து, முழு அதிகாரத்தையும் கையில கொடுத்தாங்க. பெனால்டி கிக் வந்ததும் அதே வருஷம்தான்.

அப்புறம் இந்த வேலையை மாத்தினவங்க யாருன்னு பாருங்க. ரெஃப்ரி ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓடணும், லைன்ஸ்மேன் ரெண்டு பேர் மத்த பக்கத்தைக் கவர் பண்ணணும்ங்கிற டயகனல் முறையைப் பிரபலப்படுத்தினவர் ஸ்டான்லி ரவுஸ். இங்கிலாந்துல ஸ்கூல் விளையாட்டு ஆசிரியரா இருந்தவர். பின்னாடி ஃபிஃபா தலைவரே ஆனார். டிராஃபிக் சிக்னலைப் பார்த்து மஞ்சள் கார்டு, சிவப்பு கார்டு யோசனை சொன்ன கென் ஆஸ்டனும் ஸ்கூல் ஹெட்மாஸ்டர். அந்த கார்டுகள் 1970 உலகக் கோப்பையிலதான் முதல்ல வந்துச்சு. 2010 உலகக் கோப்பை ஃபைனலை நடத்தின ஹோவர்ட் வெப், போலீஸ் சார்ஜென்ட்டா வேலை பார்த்தவர். வேற வேலை பார்த்துக்கிட்டே விசிலைக் கையில எடுத்த ஆளுங்க வளர்த்த துறை இது. ஐ.டி. வேலை இருக்குங்கிறது ஒரு தடையே இல்ல.

நம்ம ஊர்ல இருந்தும் போயிருக்காங்க. 2002ல ஜப்பானும் கொரியாவும் நடத்தின உலகக் கோப்பையில உதவி நடுவரா இருந்த கே. சங்கர் தமிழ்நாட்டுக்காரர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016ல ஃபிஃபா ரெஃப்ரி பேட்ஜ் வாங்கினாங்க. பிளேயரா ஆடி, அப்புறம் விசிலுக்கு மாறினவங்க. இதைக் கேட்கிற பெண்களுக்குத் தனியா சொல்றேன்: பொண்ணுங்க டீம் வளர்ற அளவுக்குப் பெண் ரெஃப்ரிகள் வரல. உங்களுக்கான இடம் காலியாத்தான் இருக்கு.

17 சட்டம், ஒரு பி.டி.எஃப்.

ஃபுட்பால் சட்டங்களை எழுதறது ஐ.எஃப்.ஏ.பி.ங்கிற அமைப்பு. 1886ல இருந்து இயங்குது. மொத்தம் 17 சட்டம். புக் அவங்க சைட்டுல இலவசமா கிடைக்கும், ஆப்பும் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் அப்டேட் வரும். உதாரணமா 2025 அப்டேட்படி, கோல் கீப்பர் பந்தை 8 செகண்டுக்கு மேல கையில வெச்சிருந்தா எதிர் டீமுக்கு கார்னர். டிவி பார்த்துக் கத்துக்கிட்ட ரூல் பழசா இருக்கலாம், அதனால வருஷத்துக்கு ஒரு தடவை ரிலீஸ் நோட்ஸ் படிக்கிற மாதிரி படிச்சுடுங்க.

கிரவுண்ட்ல நின்னதும் உங்ககிட்ட சண்டைக்கு வர்ற விஷயங்கள் நாலுதான். அதை இங்கேயே தெளிவு பண்ணிக்கலாம்.

ஒண்ணு, "ஹேண்ட்ஸ் சார், ஹேண்ட்ஸ்!" பந்து கையில பட்டாலே ஃபவுல் கிடையாது. வேணும்னே தொட்டாரா, கையை இயல்புக்கு மாறா விரிச்சு உடம்பைப் பெருசாக்கி வெச்சிருந்தாரா, இல்ல கையில பட்டு நேரா கோலுக்குள்ள போச்சா, இதைத்தான் பார்க்கணும். உடம்போட ஒட்டி இருக்கிற கையில பக்கத்துல இருந்து வந்த பந்து பட்டா, ஆட்டம் தொடரும்.

ரெண்டு, "பந்தைத்தான் சார் தொட்டேன்!" பந்தைத் தொட்டுட்டா ஃபவுல் இல்லன்னு சட்டத்துல எங்கேயும் இல்ல. மோதல் எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும். இதுல மூணு படி இருக்கு. கவனக்குறைவு மட்டும்னா ஃப்ரீ கிக், கார்டு வேண்டாம். எதிராளிக்கு என்ன ஆகும்னு யோசிக்காம பாய்ஞ்சா மஞ்சள். அளவுக்கு மீறின வேகத்துல போய் அடிபட வைக்கிற மாதிரி இருந்தா சிவப்பு. நமக்குப் பழக்கமான இஃப்-எல்ஸ் லாஜிக்தான்.

மூணு, ஆஃப்சைடு. த்ரோ-இன், கார்னர், கோல் கிக், இந்த மூணுலயும் பந்தை நேரா வாங்கினா ஆஃப்சைடு இல்ல. தன் பாதி மைதானத்துல நின்னாலும் இல்ல. பந்து பாஸ் ஆன அந்த நொடியில எங்க நின்னார்னுதான் கணக்கு, வாங்கும்போது எங்க இருந்தார்னு கிடையாது. கிரவுண்ட் ஓரத்துல இருந்து வர்ற சத்தத்துல பாதி இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால வர்றது.

நாலு, அட்வான்டேஜ். ஃபவுல் ஆச்சு, ஆனா அடிபட்ட டீம்கிட்டயே பந்து நல்ல இடத்துல இருக்கு. உடனே ஊதாதீங்க, ரெண்டு மூணு செகண்ட் பாருங்க. அவங்களுக்கு லாபம் வந்தா ஆட்டம் ஓடட்டும். வரலன்னா ஃபவுலுக்கே திரும்பி வந்து ஊதலாம்.

முடிவை மாத்தலாமான்னும் கேட்பாங்க. லைன்ஸ்மேன் சொல்லி நீங்க பார்த்தது தப்புன்னு தெரிஞ்சா, ஆட்டம் மறுபடி தொடங்கறதுக்கு முன்னாடி மாத்தலாம். தொடங்கிட்டா முடிஞ்சுது. அப்புறம் ரோல்பேக் கிடையாது. வி.ஏ.ஆர். எல்லாம் நம்ம கிரவுண்டுக்கு வரப்போறதில்ல. அதனால ஃப்ரீ கிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்துட்டு, ஒரு தடவை லைன்ஸ்மேன் முகத்தைப் பாருங்க.

மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னாடி

பெரியவங்க மேட்சுக்கும் சிறுவர் மேட்சுக்கும் பெரிய வித்தியாசம் இங்கதான். குழந்தைங்க மேட்ச்ல ரெஃப்ரியோட முதல் வேலை யாருக்கும் அடிபடாம வீட்டுக்கு அனுப்பறது. ஸ்கோர் அதுக்கப்புறம்தான்.

கிரவுண்டை ஒரு சுத்து நடந்து பாருங்க. நம்ம சமவெளி மைதானங்கள்ல புல்லு கம்மி, கல்லு ஜாஸ்தி. உடைஞ்ச பாட்டில், நெருஞ்சி முள், பந்தல் போட்ட குழி, எல்லாம் இருக்கும். கோல் போஸ்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. தூக்கிட்டு வந்து வெச்ச போஸ்ட்னா, பின்னாடி மணல் மூட்டையாவது வெயிட்டு வெச்சுக் கட்டியிருக்கணும். பசங்க கிராஸ்பார்ல தொங்குவாங்க, அது மேல சாய்ஞ்சா உயிருக்கே ஆபத்து. போஸ்ட் ஆடுச்சுன்னா மேட்சைத் தொடங்காதீங்க. இது சட்டம் 1லயே இருக்கு.

அடுத்தது பசங்க போட்டிருக்கிறது. ஆபத்தான எதையும் போட்டுட்டு ஆடக் கூடாதுன்னு சட்டம் 4 சொல்லுது. செயின், வெள்ளிக் காப்பு, தோடு எல்லாம் வரும். கோயில்ல அம்மா கட்டிவிட்ட கயிறும் வரும். அதைப் பத்திப் பேசும்போது பையன்கிட்ட அதட்டாதீங்க. "தம்பி, பந்து பிடிக்கிறப்ப மாட்டிக்கும், அம்மாகிட்ட கொடுத்துட்டு வா, மேட்ச் முடிஞ்சதும் கட்டிக்கலாம்"னு சொன்னா கேட்பான்.

ஷூ விஷயம்தான் நிஜமான தலைவலி. புக்ல ஷூவும் ஷின் கார்டும் கட்டாயம். ஆனா பல அரசுப் பள்ளி டீம்ல பாதிப் பேர் வெறுங்கால்ல வந்து நிப்பாங்க. அந்த நேரத்துல நீங்க புக்கைக் காட்டினா, ஏழைப் பசங்கதான் வெளியே போகணும். அதனால இதை டோர்னமெண்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நடத்தறவங்ககிட்ட பேசணும். கடன் வாங்கியாவது ஷின் கார்டு செட் ரெடி பண்ணச் சொல்லலாம். ஒரு டீம் ஸ்டட்ஸ் ஷூ, இன்னொரு டீம் வெறுங்கால்னு மட்டும் மேட்சை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. கால் விரல் போயிடும்.

அப்புறம் வெயில். ஏப்ரல், மே மாசத்துல சேலம் வெயில் 40 டிகிரி கிட்ட போகும். சம்மர் கேம்ப் மேட்ச் எல்லாம் அப்பதான் வைப்பாங்க. தண்ணி குடிக்க பிரேக் விடறது ரெஃப்ரி கையில இருக்கு. மேட்சுக்கு முன்னாடியே ரெண்டு கோச்சுக்கும் சொல்லிட்டா யாரும் "டைம் வேஸ்ட் பண்றாங்க"ன்னு கத்த மாட்டாங்க. சிறுவர் ஆட்டத்துக்கு மைதான அளவு, பந்து சைஸ், ஆட்ட நேரம், வெளியே போன பிளேயர் திரும்ப வர்றது, எல்லாத்தையும் மாத்திக்க சட்டமே இடம் கொடுக்குது. 10 வயசுப் பையனை 45 நிமிஷம் சைஸ் 5 பந்துல ஆட விடணும்னு எந்த அவசியமும் இல்ல.

தலையில அடிபட்டு ஒருத்தன் தள்ளாடினா, "நான் ஆடறேன் சார்"னு அவன் சொல்லத்தான் செய்வான். உடனே மேட்சை நிறுத்தி அவனை வெளியே அனுப்புங்க. அன்னைக்கு அவனுக்கு ஆட்டம் முடிஞ்சுது. பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

கத்தறது பசங்க இல்ல

ரெஃப்ரி ஆகணும்னு வர்ற பல பேர் ஒரு சீசன்லயே விட்டுட்டுப் போறதுக்குக் காரணம் சட்டம் கஷ்டமா இருக்கிறது இல்ல. கோட்டுக்கு வெளியே நிக்கிற பெரியவங்க. இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்ல. இங்கிலாந்துல லோக்கல் மேட்ச் ரெஃப்ரிகள் நெஞ்சுல கேமரா மாட்டிக்கிட்டு ஊதற சோதனை 2023ல ஆரம்பிச்சாங்க. அந்த அளவுக்குத் திட்டும் மிரட்டலும்.

நெதர்லாந்துல நடந்தது இதைவிட மோசம். 2012 டிசம்பர் 2, அல்மேரேங்கிற ஊர். ரிச்சர்ட் நியூவன்ஹெய்சன்னு 41 வயசுக்காரர், தன் மகன் ஆடின டீமோட மேட்சுக்கு வாலண்டியர் லைன்ஸ்மேனா கொடி பிடிச்சு நின்னார். மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம்காரங்க அவரைக் கீழே தள்ளி உதைச்சாங்க. மறுநாள் அவர் இறந்துட்டார். அடுத்த வார இறுதியில நாடு முழுக்க அமெச்சூர் மேட்ச்களை ரத்து பண்ணினாங்க. கோர்ட்டுல தண்டனை வாங்கினவங்க ஆறு டீனேஜ் பசங்க, அவங்கள்ல ஒருத்தனோட அப்பா. அந்த அப்பாவும் லிஸ்ட்ல இருக்காருங்கிறதைக் கவனிங்க. ரெஃப்ரியை எப்படி நடத்தணும்னு பசங்க கத்துக்கிறது கோட்டுக்கு வெளியே நிக்கிறவங்களைப் பார்த்துத்தான்.

இவ்வளவு தூரம் போறது ரொம்ப அபூர்வம். பயமுறுத்தச் சொல்லல. சின்னதா இருக்கும்போதே நிறுத்தணும்னு சொல்றேன். அதுக்கு உங்க கையில அதிகாரம் இருக்கு. 2019ல இருந்து கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு கார்டு காட்டலாம். பெற்றோருக்குக் கார்டு இல்ல. ஆனா ஆட்டத்தை நிறுத்தி வைக்கவும், தேவைப்பட்டா கைவிடவும் சட்டம் 5 உங்களுக்கு அதிகாரம் கொடுக்குது.

நடைமுறையில இப்படிப் பண்ணலாம். ஒருத்தர் தொடர்ந்து கத்தினா, அடுத்த தடவை பந்து வெளியே போனதும் ஆட்டத்தை நிறுத்துங்க. நேரா அவர்கிட்ட போகாதீங்க. டோர்னமெண்ட் நடத்தறவரைக் கூப்பிட்டு, "அண்ணா, அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, அப்புறம் தொடங்கலாம்"னு சொல்லிட்டு நடுக்கோட்டுல போய் நில்லுங்க. மேட்ச் நின்னு போச்சுன்னா மத்த அப்பாக்களே அவரைப் பேசி அடக்கிடுவாங்க. விவாதத்துக்குப் போனா நீங்க தோத்தீங்க. "நீ எங்க ஆடின, எந்த ஸ்கூல்ல படிச்ச"ன்னு பேச்சு எங்கெங்கயோ போகும்.

பசங்க கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. "ஏன் சார் ஃபவுல்?"னு ஒரு பத்து வயசுப் பையன் கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல, அவனுக்கு நிஜமாவே தெரியல. "பின்னாடி இருந்து தள்ளின, அதான்"னு ஒரே வரியில சொல்லிட்டு நகருங்க. அடுத்த தடவை தள்ள மாட்டான்.

இன்னொரு விஷயம். நீங்க குழந்தைங்களோட வேலை பார்க்கப் போற பெரியவர். டிரெஸ்ஸிங் ரூம்ல பசங்களோட தனியா இருக்காதீங்க, பர்சனலா மெசேஜ் பண்ணாதீங்க, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. பேச வேண்டியது இருந்தா கோச் பக்கத்துல இருக்கும்போது பேசுங்க. யாராவது ஒரு பிள்ளையைத் தப்பா நடத்தறதைப் பார்த்தா சும்மா இருக்கக் கூடாது. தெரிஞ்சும் சொல்லாம விட்டா போக்சோ சட்டப்படி அதுவும் குற்றம். 1098தான் குழந்தைகள் உதவி எண்.

எங்க இருந்து தொடங்கறது?

முதல் மாசம் விசில் வேண்டாம், கொடி பிடிங்க. உங்க பழைய ஸ்கூல் பி.டி. சாருக்கு ஒரு போன் போட்டு, "சார், அடுத்த மேட்சுக்கு லைன் நிக்க வரட்டுமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னு சொல்ற பி.டி. சாரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. கொடி பிடிச்சா ஆஃப்சைடும் த்ரோவும் மட்டும்தான் உங்க பொறுப்பு. பக்கத்துல ஒரு அனுபவசாலி எப்படி ஊதறார்னு பார்க்கலாம்.

அடுத்தது, 10 வயசு, 12 வயசுக்கு உட்பட்ட செவன்ஸ் மேட்ச். மைதானம் சின்னது, ஓட்டம் கம்மி. வாங்க வேண்டியது விசில் ரெண்டு, வாட்ச், டாஸ் போட ஒரு காயின், சின்ன நோட்டு, பேனா, கார்டு. விசிலை ஊதற விதத்துலயே பேச முடியும். த்ரோவுக்குச் சின்னதா ஒரு பீப், சாதாரண ஃபவுலுக்குக் கொஞ்சம் நீளமா, கார்டு வரப் போகுதுன்னா ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி. இதை வீட்டு மொட்டை மாடியில பிராக்டிஸ் பண்ணாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கார்டு காட்டிடுவாங்க.

பிடிச்சுப் போச்சு, சீரியஸா போகணும்னா மாவட்டக் கால்பந்துக் கழகத்தைப் போய்ப் பாருங்க. சேலத்துல காந்தி ஸ்டேடியத்துல காலையில பிராக்டிஸ் பண்ற டீம்கள்கிட்ட கேட்டாலே யாரைப் பார்க்கணும்னு வழி சொல்லுவாங்க. மாவட்டத்துக்கு மேல தமிழ்நாடு கால்பந்துக் கழகம், அதுக்கு மேல 1937ல தொடங்கின அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. ஒவ்வொரு படியிலயும் சட்டத் தேர்வும் ஓட்டத் தேர்வும் இருக்கும். உச்சியில என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க: ஃபிஃபா ஆண் ரெஃப்ரி 40 மீட்டரை 6 செகண்டுக்குள்ள, ஆறு தடவை ஓடணும். அப்புறம் 15 செகண்டுல 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, இப்படி 40 ரவுண்டு, மொத்தம் 4 கிலோமீட்டர். தொடக்கத்துல உங்ககிட்ட யாரும் இதைக் கேட்கப் போறதில்ல. ஆனா நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ற உடம்புக்கு இதைவிட நல்ல டார்கெட் கிடைக்காது.

காசு? வாலண்டியரா தொடங்கும்போது எதிர்பார்க்காதீங்க. ஆனா பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேட்கிறதுல தப்பே இல்ல. ஒரே நாள்ல ஆறு மேட்ச் தலையில கட்டப் பார்ப்பாங்க, மூணுக்கு மேல ஒத்துக்காதீங்க. கால் ஓயும்போது பந்துக்குப் பக்கத்துல போய்ச் சேர முடியாது. தூரத்துல இருந்து கொடுக்கிற முடிவை யாரும் நம்ப மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு. நல்லா நடத்தின மேட்சுக்கு அப்புறம் யாரும் வந்து "சூப்பரா ஊதினீங்க"ன்னு சொல்ல மாட்டாங்க. ஜெயிச்சவங்க கொண்டாடப் போவாங்க, தோத்தவங்க ஷூ லேஸை அவிழ்த்துக்கிட்டே தங்களுக்குள்ள "அந்த ரெண்டாவது கோலை நாமதான்டா விட்டுட்டோம்"னு பேசிக்குவாங்க. உங்க பேர் அந்தப் பேச்சுல வராது. வரலன்னா அன்னைக்கு உங்க வேலை சரியா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இந்த வாரம் ஒரு பி.டி. சாருக்கு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.